வெளிவாரிப் பட்டம்: படித்து முடித்த நம்மவர்கள் எங்கே போனார்கள்?



பட்டமளிப்புக் காலம் வந்தால் நமது முகநூல் முழுக்கக் கறுப்பு அங்கிதான். அந்தப் படங்களில் இருப்பவர்கள் எல்லோரும் இருபத்துமூன்று வயதுப் பிள்ளைகள் அல்லர். நாற்பதைத் தொடும் ஆசிரியர்கள் இருக்கிறார்கள். மௌலவிமார் இருக்கிறார்கள். மூன்று பிள்ளைகளின் உம்மாமார் இருக்கிறார்கள். "மாஷா அல்லாஹ்" என்று எழுதிவிட்டு நாமும் அடுத்த படத்துக்குப் போகிறோம். மறுநாள் கடைத்தெருவில் இரண்டு பேச்சுக் கேட்கும். ஒன்று, "அது வெளிவாரிதானே!" மற்றது, "இந்த வயசுல இதால என்ன வரப்போகுது?"

இரண்டும் பழைய பேச்சுகள். இரண்டுக்கும் இந்த நாட்டின் கல்வி வரலாற்றில் பதில் இருக்கிறது. கொஞ்சம் நீண்ட பதிவு. நேரம் எடுத்து வாசியுங்கள். வீட்டில் யாராவது இப்போது பதிவு செய்ய யோசித்துக்கொண்டிருந்தால் அவர்களுக்கும் காட்டுங்கள்.

*எல்லோரும் வெளிவாரியாக இருந்த காலம்*

இலங்கையில் பல்கலைக்கழகம் வந்தது 1942இல். அதற்கு முன் இந்த நாட்டில் இருந்துகொண்டே பட்டம் பெற்றவர்கள் யாருடைய பட்டத்தைப் பெற்றார்கள்? பெரும்பாலும் லண்டன் பல்கலைக்கழகத்தின் வெளிவாரிப் பட்டத்தை. லண்டன் பல்கலைக்கழகம் 1858ஆம் ஆண்டுச் சாசனத்தின் பின் தனது பரீட்சைகளை வெளியில் இருந்து படிப்பவர்களுக்கும் திறந்துவிட்டது. வகுப்புக்கு வரத் தேவையில்லை. பாடத்திட்டத்தைப் படித்துப் பரீட்சையில் சித்தியடைந்தால் பட்டம். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே அந்தப் பரீட்சைகள் இலங்கைக்கும் வந்துவிட்டன.

1921இல் கொழும்பில் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கியது. அதற்கும் சொந்தமாகப் பட்டம் கொடுக்கும் அதிகாரம் இருக்கவில்லை. அங்கு படித்தவர்களும் லண்டன் வெளிவாரிப் பரீட்சையைத்தான் எழுதினார்கள். இலங்கை சிவில் சேவையில் சேர்ந்த முதல் முஸ்லிமான ஏ.எம்.ஏ. அஸீஸ் அவர்கள் அந்தக் கல்லூரியில் வரலாறு படித்து, 1933இல் லண்டன் சிறப்புப் பட்டம் பெற்று, 1935இல் சிவில் சேவைக்குப் போனவர். 1942இல் கல்முனைக்கு உதவி அரசாங்க அதிபராக வந்த காலத்தில் நமது பகுதியின் கல்வியைப் பற்றி யோசித்தவர். 1945இல் இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதியைத் தொடங்கியவர். 1948இல் கொழும்பு ஸாஹிராவின் அதிபரானவர். அவருடைய பட்டச் சான்றிதழும் லண்டனுடையதுதான்.

ஆகவே "வெளிவாரிதானே" என்று சொல்வதற்கு முன் ஒன்றை நினைத்துக்கொள்வோம். இந்த நாட்டின் முதல் தலைமுறைப் பட்டதாரிகளில் பெரும் பகுதியினர் வெளிவாரிகள்தான். அந்தச் சொல்லுக்கு இழிவு வந்து சேர்ந்தது பிறகு.

*நமது பக்கத்து ஊர் ஆசிரியர் ஒருவர்*

தொழில் செய்துகொண்டே படித்தவர்களுக்கு ஓர் உதாரணம் தேடி நாம் தூரம் போகத் தேவையில்லை. சாய்ந்தமருதுக்கும் நிந்தவூருக்கும் நடுவில் இருக்கும் காரைதீவில் 1892இல் பிறந்தவர் சுவாமி விபுலாநந்தர். துறவியாவதற்கு முன் அவர் மயில்வாகனனார் என்ற பயிற்றப்பட்ட ஆசிரியர். கொழும்பு அரசினர் ஆசிரியர் கலாசாலையில் பயிற்சி முடித்து மட்டக்களப்பில் கற்பித்தார். 1916இல் கொழும்பு தொழில்நுட்பக் கல்லூரியில் விஞ்ஞான டிப்ளோமா பெற்றார். அதே ஆண்டில் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் பரீட்சையிலும் சித்தியடைந்தார். யாழ்ப்பாணம் சம்பத்திரிசியார் கல்லூரியில் விஞ்ஞானம் கற்பித்துக்கொண்டே படித்து, 1920இல் லண்டன் விஞ்ஞானமாணிப் பட்டம் பெற்றார்.

அதன் பின் அவர் போன பாதையைப் பாருங்கள். அதே 1920இல் மானிப்பாய் இந்துக் கல்லூரியின் அதிபர். 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியர். 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியர். பயிற்றப்பட்ட ஆசிரியராகத் தொடங்கியவர் அதிபராகிப் பேராசிரியரானார்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். தொழில் முதலில் இருந்தது, பட்டம் பிறகு வந்தது. பட்டம் அவருக்கு முதல் தொழிலைக் கொடுக்கவில்லை. இருந்த தொழிலில் இருந்து அடுத்த படிக்கு ஏற்றியது. கிட்டத்தட்ட எழுபது வருடங்களுக்கு வளர்ந்தோர் கல்வியின் பாதை இந்த ஒழுங்கிலேயே போனது.

*தாய்மொழி திறந்த கதவு*

1942இல் வந்த இலங்கைப் பல்கலைக்கழகம் வதிவிடப் பல்கலைக்கழகமாகத் திட்டமிடப்பட்டது. 1952இல் கலைப் பீடம் பேராதனைக்குப் போனது. விடுதியில் தங்கி முழுநேரமாகப் படிக்க வேண்டும். இளைஞர்களுக்கு அது நல்ல ஏற்பாடு. பிள்ளை குட்டியுள்ள ஓர் ஆசிரியருக்கு அங்கே இடமில்லை. அவருக்கு இருந்த வழி பழைய லண்டன் வழிதான். அதற்கு ஆங்கிலம் வேண்டும். நமது கிராமப் பாடசாலைகளில் இருந்த தமிழ்மொழி ஆசிரியர்களுக்கு அந்த வழியும் அடைபட்டிருந்தது. ஆங்கில ஆசிரியர் ஒரு சாதி, தாய்மொழி ஆசிரியர் இன்னொரு சாதி என்பது போலச் சம்பளத்திலும் மதிப்பிலும் வேறுபாடு இருந்த காலம் அது.

இதை மாற்றிய விடயங்கள் மூன்று. 1960, 61இல் உதவி பெறும் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்றது. அங்கிருந்த ஆசிரியர்களும் அரச சேவையின் கீழ் வந்தார்கள். 1960களின் தொடக்கத்தில் பல்கலைக்கழகங்களில் கலைப் பாடங்கள் சிங்களத்திலும் தமிழிலும் கற்பிக்கப்படத் தொடங்கின. அதே பத்தாண்டில் நமது நாட்டுப் பல்கலைக்கழகப் பரீட்சைகளையும் வெளிவாரியாக எழுத முடிந்தது.

இந்த மூன்றும் ஒன்றுசேர்ந்தபோது, தமிழில் படித்துத் தமிழில் கற்பித்த ஓர் ஆசிரியர், பாடசாலையை விடாமல், தமிழிலேயே பட்டம் பெறலாம் என்ற நிலை வந்தது. பட்டம் பெற்றால் சம்பளப் படி ஏறும். உயர்தர வகுப்புக்குக் கற்பிக்கலாம். அதிபர் பதவிக்குத் தகுதி கூடும். நமது மூத்த தலைமுறையில் "பி.ஏ. சேர்" என்று ஊரே அழைத்த மனிதர்கள் இப்படி உருவானவர்கள்தான். தமிழ், இஸ்லாமிய நாகரிகம், அரபு, புவியியல், வரலாறு என்பன அவர்களுடைய பாடங்கள். பேராதனையின் வெளிவாரிக் கலைமாணி நமது ஊர்களில் இவ்வளவு ஆழமாக வேரூன்றியதற்கு இதுதான் காரணம்.

பாடத் தெரிவும் இப்படித்தான் வழக்கமானது. பாடசாலையில் எது கற்பிக்கிறோமோ அதையே பட்டத்துக்கும் எடுத்தார்கள். அன்று அது சரியான முடிவு. தொழில் அந்தப் பாடசாலைக்குள்தானே இருந்தது.

*திறந்த பல்கலைக்கழகமும் மகரகமவும்*

1980இல் இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம் நாவலையில் தொடங்கியது. இதற்கு முன் இருந்த வெளிவாரிக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் உண்டு. முன்னையதில் பல்கலைக்கழகம் பரீட்சை வைக்கும், படிப்பது உங்கள் பாடு. திறந்த பல்கலைக்கழகம் தொலைவில் இருப்பவருக்கே எழுதிய பாட நூல்களையும் ஒப்படைகளையும் கொடுத்தது, பிராந்திய நிலையங்களில் வகுப்புகளையும் நடத்தியது. உயர்தரம் சித்தியடையாத ஒருவரும் பதினெட்டு வயது தாண்டியிருந்தால் அடிப்படைக் கற்கைநெறியில் தொடங்கி மேலே போகலாம். வளர்ந்தவரை வளர்ந்தவராகவே நடத்திய ஏற்பாடு அது.

1985ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டத்தின் மூலம் மகரகமவில் தேசிய கல்வி நிறுவகம் உருவானது. சேவையில் இருக்கும் பயிற்றப்பட்ட ஆசிரியர்களுக்குக் கல்விமாணிப் பட்டப் படிப்பை அது நடத்தியது. கலாசாலைச் சான்றிதழோடு சேவைக்கு வந்த நம்மைப் போன்றவர்களுக்கு அது தனி வாசல்.

பிறகு யுத்தம். 1990இல் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது ஆசிரியர்களும் மாணவர்களும் வீடு வாசலோடு புத்தகங்களையும் விட்டுவிட்டு வந்தார்கள். கிழக்கிலும் யாழ்ப்பாணத்திலும் படித்துக்கொண்டிருந்த நமது பல்கலைக்கழக மாணவர்கள் இடையில் நின்றார்கள். அந்தத் தேவையில் இருந்துதான் மர்ஹூம் எம்.எச்.எம். அஷ்ரஃப் அவர்களின் முயற்சியால் 1995 ஒக்டோபரில் தென்கிழக்குப் பல்கலைக்கழகக் கல்லூரி வந்தது. 1996இல் முழுப் பல்கலைக்கழகமானது. ஒலுவிலில் பல்கலைக்கழகம் வந்ததும் வெளிவாரிப் படிப்பும் வீட்டுக்கு அருகே வந்தது. அதற்கு முன் இராப் பயணம், சோதனைச் சாவடி, கண்டியில் தெரிந்தவர் வீட்டில் தங்கல் என்று இருந்த பரீட்சை, காலையில் போய் அஸருக்கு வீடு திரும்பும் தூரத்துக்கு வந்தது.

இதனால் அதிகம் பயன் பெற்றவர்கள் நமது பெண்கள். நமது கரையோர ஊர்களில் கலியாணத்துக்குப் பின்னும் பெண் உம்மாவின் வளவிலோ பக்கத்து வளவிலோ இருப்பதுதான் வழக்கம். பிள்ளையைப் பார்க்க உம்மா இருக்கிறா, ராத்தா இருக்கிறா. பல்கலைக்கழகம் கிட்ட வந்ததும் இந்தக் குடும்ப அமைப்பும் சேர்ந்து எத்தனையோ ஆசிரியைகளைப் பட்டதாரிகளாக்கியது. அந்தப் பட்டங்களுக்குப் பின்னால் பிள்ளை பார்த்த உம்மாமாரின் பெயர் எந்தச் சான்றிதழிலும் இல்லை.

*பட்டத்துக்குப் பின் போன பாதைகள்*

சரி, முடித்தவர்கள் எங்கே போனார்கள்? நமது ஊர்களைச் சுற்றிப் பார்த்தால் ஐந்து பாதைகள் தெரியும்.

முதலாவது, பாடசாலைக்குள்ளேயே ஏறிய பாதை. பெரும்பாலானவர்கள் இதில்தான். பட்டம், சேவைத் தரம் உயர்வு, ஆசிரிய ஆலோசகர், அதிபர் சேவை. இன்னும் சிலர் போட்டிப் பரீட்சை எழுதி இலங்கைக் கல்வி நிர்வாக சேவைக்குப் போனார்கள். பட்டப்பின் கல்வி டிப்ளோமாவும் கல்வி முதுமாணியும் முடித்து ஆசிரியர் கல்வியியலாளர் சேவைக்குப் போய், கலாசாலைகளிலும் கல்வியியற் கல்லூரிகளிலும் விரிவுரையாளரானவர்களும் உண்டு. வலயக் கல்வி அலுவலகத்தில் இன்று கையொப்பமிடும் சிலர் ஒரு காலத்தில் ஆண்டு மூன்றுக்குக் கற்பித்தவர்கள்.

இரண்டாவது, மௌலவிமாரின் பாதை. மத்ரஸாவில் ஷரீஆ முடித்தவர்கள் அரபு, இஸ்லாமிய நாகரிகப் பாடங்களில் வெளிவாரிப் பட்டம் பெற்று அரச பாடசாலைகளுக்கு வந்தார்கள். சிலர் அங்கிருந்து பல்கலைக்கழகத்துக்குக் கற்பிக்கவும் போனார்கள். மத்ரஸாக் கல்வியையும் அரச சேவையையும் இணைத்த பாலம் இந்தப் பட்டம்தான்.

மூன்றாவது, சட்டம். திறந்த பல்கலைக்கழகத்தின் சட்டமாணி, எழுதுவினைஞர்களையும் ஆசிரியர்களையும் பொலிஸ் உத்தியோகத்தர்களையும் சட்டத்துறைக்குக் கொண்டுபோனது. பட்டத்தோடு முடியாது. சட்டக் கல்லூரிப் பரீட்சையும் பயிலுநர் காலமும் முடித்தால்தான் சட்டத்தரணி. நீண்ட பாதை. ஆனால் நாற்பது வயதில் தொழிலையே மாற்ற இடம் கொடுத்த அரிதான பாதைகளில் இது ஒன்று.

நான்காவது, தாதியர். டிப்ளோமாவோடு வைத்தியசாலையில் வேலை செய்தவர்களுக்குத் திறந்த பல்கலைக்கழகத்தின் தாதியர் பட்டம், தாதியர் கல்விக்கும் வெளிநாட்டு வேலைக்கும் வழி திறந்தது. இது ஆங்கில மொழியில் நடக்கும் படிப்பு. நம்மவர் இதில் குறைவு. காரணம் சொல்லத் தேவையில்லை.

ஐந்தாவது, அரசாங்கம் காலத்துக்குக் காலம் நடத்தும் பட்டதாரி நியமனம். பயிலுநராகச் சேர்ந்து, பின் அபிவிருத்தி உத்தியோகத்தர்களாகப் பிரதேச செயலகங்களிலும் திணைக்களங்களிலும் இருப்பவர்கள் இந்தப் பாதையில் வந்தவர்கள்.

முதல் நான்கு பாதைகளையும் ஒன்றாக வைத்துப் பாருங்கள். போனவர்களில் மிகப் பெரும்பாலானோருக்குப் பட்டத்துக்கு முன்பே ஒரு தொழிலோ ஒரு தொழில் தகைமையோ இருந்தது. பட்டம் அதன் மேல் வந்து உட்கார்ந்தது. ஐந்தாவது பாதையில் மட்டும் பட்டம் முதலில், தொழில் பிறகு.

*ஒழுங்கு தலைகீழானபோது*

இன்று நமது ஊர்களில் வெளிவாரிக்குப் பதியும் பலர் ஐந்தாவது பாதையை நம்பியே பதிகிறார்கள். உயர்தரத்தில் சித்தியடைந்தும் வெட்டுப்புள்ளியால் உள்வாரி இடம் கிடைக்காத பிள்ளைகள். கடையில் நின்றுகொண்டு, கட்டாரில் இருந்து வந்து, கலியாணம் முடித்துப் பத்து வருடத்துக்குப் பின் மீண்டும் புத்தகம் எடுத்தவர்கள். படிக்கும் பட்டம் அதே பட்டம், பாடங்கள் அதே பாடங்கள். முன்னோர் போன பயணம் இது அல்ல. அவர்களுக்கு ஏறுவதற்கு ஓர் ஏணி ஏற்கெனவே சுவரில் சாத்தியிருந்தது.

இந்தப் பாதையில் வயதும் எதிராக நிற்கிறது. பட்டதாரி நியமன வர்த்தமானிகளில் வயதெல்லை வரும். மூன்று வருடப் பட்டத்தைத் தொழில், குடும்பம், பரீட்சைத் தாமதம் எல்லாம் சேர்ந்து ஏழெட்டு வருடமாக்கிவிட்டால், சான்றிதழ் கைக்கு வரும்போது அந்த எல்லை தாண்டியிருக்கும். 2020இல் நடந்ததை நாம் மறக்கவில்லை. மாதம் 20,000 ரூபா கொடுப்பனவில் பல்லாயிரம் பட்டதாரிகளைப் பயிலுநர்களாகச் சேர்த்தபோது, ஊழியர் சேமலாப நிதியில் பெயர் இருந்தவர்கள் ஏற்கெனவே தொழில் உள்ளவர்கள் என்று முதலில் ஒதுக்கப்பட்டார்கள். மேன்முறையீடு செய்து ஓட வேண்டியிருந்தது. பகலில் கடையில் வேலை செய்து இரவில் படித்தவருக்கு, அந்த வேலையே தடையாக வந்து நின்றது.

அரசாங்கம் நியமனம் தரும் என்று காத்திருப்பது ஒரு தொழில் பாதை அல்ல. கடுமையான வார்த்தைதான். இருந்தாலும் சொல்ல வேண்டியிருக்கிறது. ஏனென்றால் இந்தக் காத்திருப்பில் நமது பிள்ளைகளின் முப்பதுகள் கரைகின்றன.

*அப்படியென்றால் படிக்க வேண்டாமா?*

படிக்கத்தான் வேண்டும். "இதால என்ன வரப்போகுது" என்ற கேள்வியைப் பரிகாசமாகக் கேட்காமல், பதிவு செய்வதற்கு முன் உண்மையாகவே கேட்க வேண்டும் என்பதுதான் நாம் சொல்ல வருவது.

ஏற்கெனவே ஆசிரியராக இருப்பவர்கள் தமது சேவைப் பிரமாணக் குறிப்பை ஒரு தடவை முழுதாக வாசியுங்கள். எந்தப் பட்டம் எந்தத் தரத்துக்கு, எந்தப் போட்டிப் பரீட்சைக்கு எத்தனை வருடச் சேவை, வயதெல்லை என்ன என்பதெல்லாம் அதில் இருக்கிறது. ஓய்வறையில் கேட்கும் கதையை வைத்துப் பாடம் தெரிவு செய்ய வேண்டாம். நமது வலயத்தில் எந்தப் பாடத்துக்கு ஆள் இல்லை என்று பாருங்கள். கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் ஆங்கிலத்துக்கும் ஆசிரியர் தேடி அலைகிறோம். கையில் இருக்கும் பட்டங்களோ வேறு பாடங்களில்.

தொழில் இல்லாமல் பதிபவர்கள் பட்டத்தோடு கூடவே இன்னொன்றையும் கையில் எடுங்கள். கணக்கியல், தகவல் தொழில்நுட்பம், ஆங்கிலம், சிங்களம், ஏதாவது ஒரு தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ். முன்னோரைத் தூக்கிவிட்டது பட்டம் மட்டும் அல்ல. பட்டத்தின் கீழே ஒரு தொழில் இருந்தது.

குடும்பங்களுக்கும் ஒரு வார்த்தை. மனைவி படிக்கிறா என்றால் பரீட்சை மாதத்தில் சமையலையும் பிள்ளையையும் பொறுப்பெடுப்பது உபகாரம் அல்ல, பங்கு. அந்தப் பட்டத்தால் ஒரு நியமனமும் வராவிட்டாலும், படித்த உம்மாவின் மேசையில் உட்கார்ந்து பாடம் செய்யும் பிள்ளைகளை நாங்கள் வகுப்பறையில் தினமும் அடையாளம் காண்கிறோம். அதையும் கணக்கில் சேருங்கள்.

கடைசியாக நமது பள்ளி நிர்வாகங்களுக்கும் நலன்புரிச் சங்கங்களுக்கும். உதவி நிதி என்றால் உயர்தரம் சித்தியடைந்த பதினெட்டு வயதுப் பிள்ளைக்கு என்றே நினைக்கிறோம். அஸீஸ் அவர்கள் காட்டிய வழி அது. அது தொடர வேண்டும். முப்பத்தைந்து வயதில் படிப்பவருக்குப் பணத்தைவிட வழிகாட்டல்தான் தேவை. ஊரில் ஓய்வுபெற்ற கல்விப் பணிப்பாளர்கள் இருக்கிறார்கள், அதிபர்கள், சட்டத்தரணிகள் இருக்கிறார்கள். பலர் இதே வெளிவாரிப் பாதையில் வந்தவர்கள். மாதத்தில் ஒரு நாள் அஸருக்குப் பின் ஒரு மணி நேரம் அவர்கள் உட்கார்ந்து, வர்த்தமானியைக் கையில் வைத்துக்கொண்டு, வருகிறவர்களுக்கு வழி சொன்னால் போதும். மண்டபமும் வேண்டாம், பெனரும் வேண்டாம்.

உங்கள் ஊரில் இப்படி ஓர் ஏற்பாடு ஏற்கெனவே இருந்தால் கீழே எழுதுங்கள். மற்ற ஊர்களும் பின்பற்றலாம். படித்து முடித்தவர்கள் எந்தப் பாதையில் போனீர்கள், எத்தனை வருடம் எடுத்தது என்பதையும் எழுதுங்கள். அடுத்து வருபவர்களுக்கு அதுதான் வரைபடம்.

அறிவைத் தேடும் அனைவருக்கும் அல்லாஹ் அதைப் பயனுள்ளதாக ஆக்கி வைப்பானாக. ஆமீன்.